ஒரு தளபதி காலியாக இருக்கிறார்

பாகு கருகியதற்கு நான்தான் காரணம். இதை முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏனென்றால் இதே உண்மையை ஒப்புக்கொள்வதற்காகப் பிறகு ஏழு படிவங்கள் நிரப்பினேன். ஏழிலும் அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

பேருந்துப் பணிமனைக்கு எதிரே எங்கள் கடை. நாலு பெஞ்சு, ஒரு அடுப்பு, மூடி சரியாகப் பொருந்தாத கண்ணாடி ஜாடி ஒன்று. பதினொரு வருடமாக எலுமிச்சைச் சாறு மட்டும்தான் விற்றோம். பழம் பொறுக்குவது, வெட்டுவது, பிழிவது, உப்பு பார்ப்பது எல்லாம் என் மனைவி. சர்க்கரைப் பாகு காய்ச்சுவது என் பொறுப்பு. பொறுப்பு என்று சொன்னேனே தவிர, காய்ச்சுவதை அடுப்பு பார்த்துக்கொள்ளும். நான் பக்கத்தில் நின்று வாடிக்கையாளர்களிடம் கதை பேசுவேன். அதுவும் ஒரு வேலைதான், வாய் வலிக்கும்.

அந்த மாதம் கடையை மூடிவிடுவதாக இருந்தோம். பணிமனைக்குள்ளேயே குளிர்பான இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். பொத்தானை அழுத்தினால் ஐந்து நிறத்தில் பானம் வரும். எங்களிடம் ஒரே நிறம், அதிலும் நிறமே கிடையாது.

அன்று காலை பத்தரை மணிக்கு ஏழாம் நம்பர் வண்டியின் டிரைவர் வந்து உட்கார்ந்தார். அந்தத் தடத்துக்குப் புதியவர், பாவம். பழைய ஆட்கள் என்றால் நான் "என் கல்யாணத்தன்னிக்கு" என்று வாயெடுத்ததுமே தம்ளரோடு எழுந்து தெருவுக்குப் போய் நின்று குடிப்பார்கள். இவர் எழவில்லை. எனவே சொன்னேன். கல்யாணத்தன்று காலை தப்பான பஸ்ஸில் ஏறி, ஏறியதும் தூங்கி, ஒன்றரை மணி நேரம் கழித்து யாருடைய ஊரோ ஒன்றின் கடைசி நிறுத்தத்தில் புதுச்சட்டையோடு விழித்த கதை. பதிவாளர் அலுவலக வாசலில் பெண் மூன்று மணி நேரம் நின்ற கதை. இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பு வரும் இடத்தோடு கதையை நிறுத்துவது என் வழக்கம்.

டிரைவர் சிரித்துவிட்டுக் கேட்டார்: "அப்போ திரும்பி வர்றப்பவும் தூங்கிட்டீங்களாண்ணே?"

பதினொரு வருடத்தில் ஒரு ஆள்கூட இதைக் கேட்டதில்லை.

"எங்க தூங்குறது! வண்டி பூரா காலி. நாப்பது சீட்டு. கண்டக்டர் வந்து, 'உட்காருங்க சார், டிக்கெட்டுல அதுவும் சேர்த்திதான்'னு கெஞ்சுறார். உட்கார்ந்தா கண்ணு சொருகிடுமேன்னு பயம். ஒன்றரை மணி நேரமும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே வந்தேன். இறங்குறப்ப கை அப்படியே வளைஞ்சபடி நின்னுடுச்சு. அந்தக் கையாலதான் கையெழுத்துப் போட்டேன். இன்னிக்கும் அந்தப் பதிவேட்டைப் பாத்தா யாரோ கோழி கிறுக்கினதுன்னுதான் நினைப்பாங்க."

டிரைவர் தொடையில் தட்டிச் சிரித்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது. பின்னால் கத்திச் சத்தம் நின்றிருந்தது. எலுமிச்சை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அப்புறம்தான் வாசனை வந்தது.

பாகு தேன் நிறத்தைத் தாண்டி, செங்கல் நிறத்தைத் தாண்டி, பழைய மர அலமாரியின் நிறத்துக்கு வந்திருந்தது. அதே நேரம் பார்த்து ஒரு வண்டி பழுதாகி, அதிலிருந்த முப்பது பேரும் கடை வாசலில் நின்றார்கள். புதுப் பாகு காய்ச்ச நேரமில்லை. பிழிந்து வைத்திருந்த எலுமிச்சைத் தண்ணீர் முழுவதையும் எடுத்து அந்தப் பாத்திரத்திலேயே கவிழ்த்தேன். பாம்பு போலச் சீறியது. கடை முழுக்கப் புகை. புகை அடங்கியதும் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவள் உப்பு போட்டுக் கலக்கித் தம்ளர்களை வரிசையாக வைத்தாள்.

முதலில் குடித்தவர் பருத்த ஆள். ஒரு வாய் குடித்துவிட்டு என்னையே பார்த்தார். மன்னிப்பு வாசகத்தை மனசுக்குள் தயார் செய்துகொண்டேன். அவர், "என்னங்க இது?" என்றார். பிறகு, "இன்னொண்ணு குடுங்க" என்றார்.

அந்த வாரக் கடைசிக்குள் அதற்கு மக்களே பெயர் வைத்துவிட்டார்கள். கருகல். "ரெண்டு கருகல்", "ஒரு கருகல், உப்புத் தூக்கலா." இயந்திரத்தின் பொத்தான்களில் தூசி படிந்தது. கடையை மூடும் பேச்சை நாங்கள் மூடினோம்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. என் மனைவியின் பழைய எலுமிச்சைச் சாற்றை இப்போது ஒருவரும் கேட்பதில்லை. பதினொரு வருடம் அவள் பார்த்துப் பார்த்துச் செய்ததை நான் ஒரு மறதியில் தோற்கடித்துவிட்டேன். "கோவமா?" என்று கேட்டேன். "பழக்காரர் வந்தாரா?" என்றாள். மறுநாள், "சும்மா சொல்லு, கோவமா?" என்றேன். "ஜாடியைக் கழுவி வைங்க" என்றாள். என் மனைவியிடம் நேரான பதில் வாங்குவது, ஓடுகிற பஸ்ஸில் தேநீர் குடிப்பது மாதிரி. கிடைக்கும், ஆனால் சட்டையில்.

*

எங்கள் ஊரில் ஒரு பண்டத்துக்கு ருசி இருந்தால் போதாது, பிறப்பும் இருக்க வேண்டும். அதற்கென்றே உணவு மற்றும் பானப் பிறப்புப் பதிவகம் இருக்கிறது. மக்கள் வாயில் பிறப்பு ஆபீஸ். பெயர் பெற்ற எந்தப் பண்டமும் அது எப்படித் தோன்றியது என்பதை அங்கே பதிந்து, கடை வாசலில் நீலப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். எழுதாத பண்டம் பிறக்காத பண்டம்.

எங்கள் பக்கத்துக் கடை பேக்கரி. பால் ரொட்டிக்குப் பேர்போனது. பலகையில், "நாடிழந்த ராணி ஒருவர் பல்வலியால் அவதியுற்றபோது, அரண்மனைச் சமையல் தலைவர் இரவெல்லாம் சிந்தித்து உருவாக்கியது" என்று இருக்கும். நானும் பல வருடம் நம்பி, ராணிக்காகக் கொஞ்சம் வருத்தமும் பட்டிருக்கிறேன்.

"பல்வலி எனக்குத்தாங்க வந்துச்சு" என்றார் பேக்கரிக்காரர் ஒருநாள். "கடிக்க முடியலையேன்னு ரொட்டியைப் பால்ல போட்டேன். எடுக்க மறந்துட்டேன். அவங்கதான் வலியை ராணிக்கு மாத்திக் குடுத்தாங்க."

"நீங்க ஒத்துக்கிட்டீங்களா?"

"முதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு. என் பல்லு ஆச்சே. அப்புறம் யோசிச்சேன், வலியை யாராவது வாங்கிக்கிட்டா நல்லதுதானே."

அவருக்கு அடுத்த சூப்புக் கடைக்கும் ராணிதான் வேண்டுமென்று கேட்டார்களாம். ராணி தீர்ந்துபோய் ராணியின் மருமகளைக் கொடுத்தார்களாம்.

கருகலுக்குப் பெயர் வந்த ஐந்தாம் வாரம் பிறப்பு ஆபீஸிலிருந்து ஆய்வாளர் வந்தார். கக்கத்தில் கோப்பு, காதில் பேனா. இரண்டு தம்ளர் கருகல் குடித்தார். மூன்றாவதைக் கையில் வாங்கிக்கொண்டு, "இதுக்குப் பிறப்பு எங்க?" என்றார்.

"இன்னும் எழுதலைங்க. நல்லா இருக்கா சார்?"

"சுவை என் பிரிவு இல்லை." மூன்றாவதையும் குடித்தார். "முப்பது நாள் அவகாசம். அதுக்குள்ள பிறக்கணும்."

"அதுவரைக்கும் விக்கலாமா?"

"விக்கக் கூடாதுன்னு நான் சொல்லலை."

"அப்போ விக்கலாம்."

"விக்கலாம்னும் சொல்லலை" என்று தம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

*

பிறப்பு ஆபீஸில் மூன்று ஜன்னல்கள். முதலாவதன் மேல் 'அரண்மனை', இரண்டாவதன் மேல் 'போர்', மூன்றாவதன் மேல் 'விபத்து' என்று எழுதியிருந்தது. முதல் இரண்டுக்கும் எதிரே மெத்தை நாற்காலியும் மின்விசிறியும் இருந்தன, வரிசை இல்லை. மூன்றாவதற்கு எதிரே கால் உடைந்த பெஞ்சு, வரிசை வாசல் வரை. புளித்தது, கொட்டியது, ஊறியது, தவறி விழுந்தது என்று ஊரின் நல்ல ருசியெல்லாம் அந்த வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

ஜன்னலுக்குப் பின்னால் ஒரு அம்மா கம்பளி பின்னிக்கொண்டே கேட்டார்.

"தப்பு நடக்கும்போது அது தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"அப்போ இப்ப எப்படித் தெரியும்?"

"வாசனை வந்துச்சு."

"எலுமிச்சைத் தண்ணியை ஊத்தினது வாசனை வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி."

"அப்போ தெரிஞ்சே ஊத்தியிருக்கீங்க. அது விபத்துல சேராது, கண்டுபிடிப்பு."

"சரிம்மா, கண்டுபிடிப்புன்னே போட்டுக்குங்க."

"என்ன படிச்சிருக்கீங்க?"

சொன்னேன்.

"கண்டுபிடிப்புக்கு இது பத்தாது. விபத்துன்னே போட்டுக்கறேன்" என்று இரக்கத்தோடு சொல்லிப் படிவத்தை நீட்டினார்.

ஏழு படிவங்களில் அது முதலாவது, நாற்பத்தாறு கேள்விகள். பதினெட்டாவது: 'விண்ணப்பதாரர் இயல்பாகவே கவனக்குறைவானவரா? ஆம் எனில், பொறுப்பான ஒருவரின் சான்றிதழ் இணைக்க.' நான் படித்த பள்ளியின் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரைத் தேடிப் போனேன். முப்பது வருடம் ஆகிவிட்டதே, என்னை நினைவிருக்குமா என்று தயங்கினேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டார். யோசிக்காமல் எழுதத் தொடங்கினார். கொண்டுபோன தாள் போதாமல் இன்னொரு தாள் கேட்டார். எழுதும்போது அவர் முகத்தில் இருந்த நிறைவை நான் பள்ளியில் பார்த்ததே இல்லை.

எல்லாம் இணைத்துக் கொடுத்த பிறகு கம்பளி அம்மா சொன்னார்: "இனி செய்முறை விளக்கம்."

"என்ன விளக்கம்மா?"

"விபத்தை மறுபடி நடத்திக் காட்டணும். குழு வரும். செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு உங்களை அறியாம நடக்கணும்."

*

குழுவில் மூன்று பேர். உட்காரத் தனி மெத்தை கொண்டுவந்த தலைவர், நிறுத்துக் கடிகாரம் வைத்திருந்தவர், எழுதுகிறவர். மூவரும் அடுப்புக்கு நேர் எதிரே பெஞ்சைப் போட்டு உட்கார்ந்து பாத்திரத்தைப் பார்த்தார்கள். நானும் பாத்திரத்தைப் பார்த்தேன்.

"நீங்க பாக்கக் கூடாது. இயல்பா இருங்க" என்றார் தலைவர்.

இயல்பாக இருக்க முயன்றேன். கடிகாரக்காரர் நிமிடத்துக்கு ஒருமுறை, "மறந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"இப்போ?"

"நீங்க கேட்டதும் ஞாபகம் வந்துடுச்சுங்க."

"ஆக, கேக்கறதுக்கு முன்னாடி மறந்திருந்தீங்க. எழுதிக்குங்க, மூணு வினாடி."

இருபதாவது நிமிடம் உண்மையாகவே ஒரு நல்ல காரியம் நடந்தது. தலைவர் தன் பதவி உயர்வு தள்ளிப்போன கதையைத் தொடங்க, நான் அதில் ஆழ்ந்து, பாகைச் சுத்தமாக மறந்தேன். தேன் நிறம் தாண்டி அது செங்கல் நிறத்துக்குப் போகிற சமயம், என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அடுப்பை அணைத்தது. என் மனைவி. மறு கையில் எலுமிச்சை. தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரிந்த மாதிரி இல்லை.

'சாட்சி குறுக்கிட்டார்' என்று எழுதிக்கொண்டார்கள்.

அந்தக் கையைப் பற்றி நான் அப்போது யோசிக்கவில்லை. பதினொரு வருடமாக என் அடுப்பு தானாகவே அணைந்துகொள்ளும் என்றுதான் எனக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாம் முறை அவளைத் தெருவில் நிற்க வைத்தார்கள். நான் யாரிடமாவது பேசினால்தானே மறப்பேன் என்று பேச்சுத்துணைக்கு ஒரு அலுவலரையும் அழைத்து வந்தார்கள். அவரிடம் கல்யாணக் கதையைத் தொடங்கினேன். "எந்தத் தேதி? பஸ் எண் என்ன? டிக்கெட் நகல் இருக்கா?" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் யோசித்துப் பதில் சொல்லி முடித்தபோது பாத்திரத்தில் இருந்தது பாகு அல்ல, கரி. அவர்கள் பதினான்கு பழுப்பு நிறங்கள் அச்சிட்ட அட்டை ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பதினான்கில் எதிலும் சேரவில்லை.

"இது வேற விபத்து" என்றார் தலைவர். "இதுக்குத் தனியா விண்ணப்பிக்கணும்."

கடைசியாக என்னை மறதிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மூன்று நாள், காலை ஒன்பது முதல் ஐந்து வரை. முதல் நாள் போனேன். நாங்கள் பதினாறு பேர். ஒரு பயிற்றுநர் கரும்பலகையில் மறக்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டு எங்களை எழுதிக்கொள்ளச் சொன்னார். இரண்டாம் நாள் கடை வேலையில் பயிற்சியையே மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் ஓடினேன். வருகைப்பதிவு குறைவு என்று சான்றிதழ் தர மறுத்தார்கள். "மறந்துட்டேன் சார்" என்றேன். "அதெல்லாம் காரணமா?" என்றார் பயிற்றுநர்.

இருபத்தேழு நாள் ஓடியிருந்தது.

*

இயக்குநரே என்னை அழைத்தார். பெரிய அறை. சுவரெங்கும் பண்டங்களின் உருவப்படங்கள். ஒரு ரொட்டி என்னைப் பார்த்து முறைத்தது. மேசைமேல் ஒரு தட்டில் பிஸ்கட்டும் தேநீரும் இருந்தன. அவற்றுக்குப் பிறப்பு உண்டா என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"உக்காருங்க. உங்க நேர்மை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அதுதான் பிரச்சினையும்கூட" என்று தொடங்கினார். "நான் இங்க சேர்ந்தப்போ நூறு பதிவு வந்தா தொண்ணூறு விபத்து. மறந்துட்டேன், கை தவறிடுச்சு, நேத்து மிஞ்சினது, வேற எதுவும் வீட்ல இல்ல. இதை அப்படியே பலகையில எழுதினா நாளைக்கு வர்ற சந்ததி என்ன நினைக்கும்? நம்ம முன்னோர்கள் எல்லாம் அடுப்படியில தூங்கினவங்கன்னு நினைக்கும். இப்போ பாருங்க, நூத்துக்கு நாலுதான் விபத்து. மக்கள் கவனமா இருக்க ஆரம்பிச்சிட்டாங்க."

"ஜனங்க மாறிட்டாங்களா சார்?"

"ஜனங்க மாறலை, பதிவு மாறிடுச்சு. நாங்க பொய் சொல்றதில்லை தம்பி. உண்மைக்கு இஸ்திரி போடுறோம், அவ்வளவுதான்."

இழுப்பறையிலிருந்து ஒரு கோப்பை எடுத்து, யாரும் கேட்டுவிடக் கூடாதே என்பது போலக் குனிந்தார்.

"ஒரு தளபதி காலியா இருக்கார்."

"யாருங்க?"

"வேற ஒரு சூப்புக் கடைக்காக உருவாக்கினோம். அவங்க கடையை மூடிட்டாங்க. நல்ல தளபதி. எதிரி கையில சிக்கிடக் கூடாதுன்னு தன் சர்க்கரைக் கிடங்குக்குத் தானே தீ வைக்கிறார். கிடங்கைச் சுத்தி எலுமிச்சைத் தோப்பு. மழை பெய்யுது. கருகின சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்து ஓடுது. தாகத்துல கிடந்த படைவீரர்கள் குடிக்கிறாங்க. எழுந்து நிக்கிறாங்க." அவர் கண்ணே கலங்கிவிட்டது. "இதுக்கு மேல ஒரு பானத்துக்கு என்ன வேணும்?"

"நல்லாத்தான் சார் இருக்கு. நடக்கலையே."

"நடந்திருந்தா எங்களுக்கு என்ன வேலை?"

சொன்ன பிறகு அவரே ஒரு நொடி யோசித்தார். பிறகு தேநீரைக் குடித்தார்.

"கையெழுத்து போடலைன்னா சார்?"

"முப்பதாம் நாள் அஞ்சு மணியோட உங்க பானம் பிறக்கலைன்னு ஆயிடும். பிறக்காததை எப்படி விப்பீங்க?"

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். விபத்துன்னு பதிய வழி இருக்கா, இல்லையா?"

"வழி இல்லைன்னு எந்த விதியிலயும் இல்லை" என்றார் இயக்குநர்.

கடைக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தளபதியைக் கொஞ்சம் நடித்தும் காட்டினேன். அவள் எலுமிச்சைகளை நசுங்கியது, நசுங்காதது என்று பிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்ற? தளபதியைப் போட்டுக்கலாமா? கடை பிழைக்கும். ஆனா என் தப்பை எவனோ ஒருத்தன் குதிரையில ஏறி வந்து வாங்கிட்டுப் போறான். வாழ்க்கையில நான் உருப்படியா செஞ்சது அந்த ஒரு தப்புதான்."

"தப்பு உங்களோடதுன்னு யாரு சொன்னா?" என்றாள்.

"பின்னே?"

"பாகு காயுது பாருங்க" என்றாள்.

மறுநாள் ஒரு பிளாஸ்க் நிறையக் கருகல் ஊற்றிக்கொண்டு எங்கோ போய், இரண்டு மணி நேரம் கழித்து வந்தாள். "எங்க போன?" என்றேன். "பழத்தோட விலை விசாரிக்க" என்றாள். விலை விசாரிக்க எதற்குப் பிளாஸ்க் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் ஜாடி கழுவியிருப்பேன்.

*

முப்பதாம் நாள் விசாரணை மூன்று மணிக்கு, இயக்குநரின் அறையிலேயே. நீள மேசைக்குப் பின்னால் இயக்குநர், மெத்தையோடு குழுத் தலைவர், ஆய்வாளர். ஓரத்தில் விதிப்புத்தகமும் கம்பளியுமாக மூன்றாம் ஜன்னல் அம்மா. என் முன்னால் தளபதியின் கோப்பு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சில் புள்ளி வைத்துத் தயாராக இருந்தது. பேனாவும் கொடுத்துவிட்டார்கள்.

"சம்பிரதாயத்துக்கு ஒரு சாட்சியை விசாரிச்சிடுவோம்" என்றார் இயக்குநர். "செய்முறை விளக்கத்துல குறுக்கிட்ட சாட்சி."

என் மனைவி எழுந்து நின்றாள். கடையிலிருந்து நேராக வந்ததால் விரல் நுனிகள் எலுமிச்சையில் ஊறிச் சுருங்கியிருந்தன.

"சம்பவத்தன்னிக்கு எங்க நின்னீங்க?"

"அடுப்புக்குப் பின்னாடி. ஒரு முழம் தள்ளி."

"பாகு கருகுறது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"எப்போ?"

"இவருக்கு முன்னாடியே."

கம்பளி ஊசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் பேனாவை மேசையில் வைத்தேன்.

"அணைச்சிருக்கலாமே?" என்றார் குழுத் தலைவர்.

"தினமும் நான்தான் அணைக்கறேன். பதினொரு வருஷத்துல இவர் ஒரு நாள்கூட அணைச்சதில்லை. இவர் பேசுவார், நான் அணைப்பேன்."

"அன்னிக்கு?"

"அணைக்கலை."

இயக்குநர் முகம் மலர்ந்தது. "ஆக, இது விபத்தே இல்லை! தெரிஞ்சே விட்டிருக்காங்க. ஏம்மா அணைக்கலை?"

"காரணம் இருக்கு."

"அதைத்தாம்மா கேக்கறேன்."

"சொல்ல மாட்டேன்."

மெத்தை நகர்ந்தது. ஆய்வாளர் காதிலிருந்து பேனா விழுந்தது. இயக்குநருக்கு முதன்முறையாகக் குரல் உயர்ந்தது. "சொல்லாம இருக்கறதுக்கு விதியில இடமே இல்லை!"

"இருக்கு சார்" என்றார் கம்பளி அம்மா, பின்னலை விடாமல். புத்தகத்தைப் பார்க்கக்கூட இல்லை. "விதி இருபத்திரண்டு. பிறப்புக்குக் காரணம் உண்டுன்னு சாட்சி ஒத்துக்கிட்டு, காரணம் பதிவாகாம இருந்தா விசாரணை நிலுவையில இருக்கறதா அர்த்தம். நிலுவையில இருக்கற பண்டத்தை விக்கறதை யாரும் நிறுத்தக் கூடாது. கால வரம்பு கிடையாது."

"இப்படி ஒரு விதியை எந்த முட்டாள் எழுதினான்?"

"நீங்கதான் சார். உங்க மாமனாரோட ஊறுகாய் கேஸ் நடந்தப்போ."

இயக்குநர் விதிப்புத்தகத்தை இழுத்து இருபத்திரண்டைத் தேடிப் படித்தார். ரொட்டி சுவரிலிருந்து முறைத்தது. கம்பளி அம்மா நிமிர்ந்து என் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பிளாஸ்க்கின் மூடி திறக்கும் ஓசை எனக்குக் கேட்டது.

"அப்போ தளபதி?" என்றார் குழுத் தலைவர் பரிதாபமாக.

"பணிமனையில ஒரு பான இயந்திரம் இருக்கே" என்றார் இயக்குநர், கோப்பை மூடியபடி. "ரொம்ப நாளா அது பிறப்பு இல்லாம நிக்குது. அதுக்குப் போட்டுடுங்க."

எங்களுக்கு ஒரு சிவப்புப் பலகை கொடுத்தார்கள்: 'இப்பானத்தின் பிறப்பு விசாரணையில் உள்ளது.' ஆய்வாளர் அதை என் கையில் கொடுக்கும்போது யாருக்கும் கேட்காதபடி, "நாளைக்குக் கடை உண்டா?" என்றார்.

"விக்கலாமா சார்?"

அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். "எனக்கு உப்புத் தூக்கலா" என்றார்.

*

திரும்புவதற்கு ஏழாம் நம்பர் வண்டி கிடைத்தது. அதே டிரைவர். உச்சி வெயில் தாழ்ந்த நேரம், வண்டியில் எங்களைத் தவிர இரண்டே பேர். ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். பலகையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நான். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "என்னண்ணே, பிறந்துடுச்சா?" என்றார். "இல்லை, பிறக்காமலே பிழைச்சிடுச்சு" என்றேன். சிரித்தார். வழக்கமாக அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு வாரத்துக்குப் போதும். அன்று போதவில்லை.

முப்பது நாளாக ஒரு ஊரையே கேள்வி கேட்டு அலுத்திருந்தேன். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"அவங்ககிட்ட சொல்லாதது சரி. என்கிட்ட சொல்லு. அன்னிக்கு ஏன் அணைக்கலை?"

"நிறுத்தம் வரப்போகுது."

"இன்னும் ஆறு நிறுத்தம் இருக்கு. என் மேல கோவமா? கடையை எப்படியும் மூடத்தானே போறோம், கருகட்டும்னு விட்டியா? எதுவா இருந்தாலும் பரவால்லை. நேரா ஒரு பதில் சொல்லு. ஜாடியெல்லாம் கழுவியாச்சு."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வண்டி ஒரு சிக்னலில் நின்றது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அந்த மூணு மணி நேரம், வர மனசில்லாமத்தான் நீங்க வரலைன்னு நினைச்சேன். தப்பு பஸ்ஸு, தூக்கம் எல்லாம் ஜோடிச்ச கதைன்னு நினைச்சேன். நீங்க அதைச் சொல்லிச் சொல்லி ஊரைச் சிரிக்க வைக்கறப்போ எல்லாம் நான் பழம் வெட்டிக்கிட்டிருப்பேன். அன்னிக்குத்தான் இந்த அண்ணன் கேட்டார், நீங்க சொன்னீங்க, வண்டி காலியா இருந்தும் நின்னுக்கிட்டே வந்தேன்னு. பதினொரு வருஷமா அது எனக்குத் தெரியாது. கத்தி கையில அப்படியே நின்னுடுச்சு. பாகு கருகுறது நல்லாத் தெரிஞ்சுது. கை நீட்டினா அடுப்பு. ஆனா நான் அசைஞ்சா நீங்க திரும்பிப் பாப்பீங்க, பேச்சை நிறுத்திடுவீங்க. எனக்கு இன்னும் கொஞ்சம் கேக்கணும்போல இருந்துச்சு."